பாலபாடம் தந்த நாவலர்

ஏட்டுச்சுவடியைக் கொண்டு படிக்கத் தொடங்கிய சிறுவர் பட்ட பாடு சிறிதன்று. பனையோலையில் எழுத்தாணியால் எழுதுவோர், ஓலை கிழிந்துவிடும் என்று அஞ்சி, மெய்யெழுத்தின்மேல் புள்ளி வையார். ஆதலின், ஏட்டில் ‘கல’ என்றிருப்பதைக் ‘கல்’ என்றும் படிக்கலாம். ‘கல’ என்றும் படிக்கலாம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி இராது. வாக்கியம் முடிந்தது என்று காட்டும் குறியும் இராது. பாடலை முன்னரே நெட்டுருச் செய்தவனே ஏட்டைத் தடையின்றிப் படித்தான் எனலாம். அச்சு வந்தபின் புள்ளி நிலைபெற்றது. எனினும், சொற்களை ஒன்றோடொன்று புணர்த்தி எழுதும் வழக்கம் எளிதில் அகலவில்லை. இவ்விடரைச் சிறுவர்பொருட்டு நீக்க முற்பட்டோருள் தலைசிறந்தவர் ஆறுமுக நாவலர்.

இவர் யாழ்ப்பாணத்து நல்லூரில், 1822-ஆம் ஆண்டு, கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் மகனாய்ப் பிறந்தார். தமிழும் வடமொழியும் கற்றார். கிறித்தவப் பாதிரிமார் நடத்திய பாடசாலையில் ஆங்கிலம் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியரும் ஆனார். அப்பாடசாலைத் தலைவரான பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தபொழுது, அவருக்குத் துணை நின்றவரும் இவரே.

ஆயினும், கல்வியை நாடிச் சென்ற சைவச் சிறுவர் தம் சமயத்தை மறந்து வருவது இவர் நெஞ்சை வருத்தியது. எனவே, ஊதியம் தந்த பணியைத் துறந்து, 1848-ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

பள்ளி அமைந்தது, பிள்ளைகளுக்கு ஏற்ற நூல்களோ இல்லை. அச்சுப்பொறி வாங்குவதற்காக 1849-இல் கடல் கடந்து சென்னைக்குப் புறப்பட்டார். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் இவர் ஆற்றிய சொற்பொழிவே இவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டத்தைத் தந்தது. வாங்கிவந்த பொறியைக் கொண்டு வித்தியாநுபாலன யந்திரசாலையை அமைத்தார். 1850 முதல் பாலபாட நூல்கள் வெளிவரலாயின.

இந்நூல்கள் எழுத்தில் தொடங்கிச் சொல்லுக்கும், சொல்லிலிருந்து சிறு வாக்கியத்துக்கும், பின்னர்க் கட்டுரைக்கும் படிப்படியாகச் சென்றன. ‘மரத்தின்மேலேயேறினான்’ என்று ஒரே தொடராக எழுதினால், புதிதாய்ப் படிக்கும் பிள்ளை எங்கே நிறுத்துவது என்று அறியாது மயங்கும். ‘மரத்தின் மேலே ஏறினான்’ என்று பிரித்து எழுதினால், கண் ஒவ்வொரு சொல்லாகப் பற்றிக்கொள்ளும். இதனை உணர்ந்த நாவலர், சிறுவர்க்குரிய பாடங்களில் சந்தியைப் பிரித்தே எழுதினார். காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறிகளையும் உரிய இடங்களில் இட்டார். இக்குறிகள் ஆங்கிலத்திலிருந்து வந்தவை; பாதிரிமார் நூல்களில் முன்னரே இடம்பெற்றவை. அவர்தம் சமயத்தை மறுத்து எழுதிய நாவலர், அவரிடமிருந்த நல்ல முறையை ஏற்கத் தயங்கவில்லை. இஃது அவருடைய பெருந்தன்மையைக் காட்டுவதோடு, பிள்ளைகள்பால் அவர் கொண்ட அக்கறையையும் காட்டுகிறது.

சந்தி பிரித்தெழுதும் இவர் இலக்கணம் அறியாதவரோ என்று எவரும் எண்ணற்க. திருக்குறள் பரிமேலழகர் உரையையும் இலக்கண நூல்களையும் ஆராய்ந்து பதிப்பித்தவர் இவர். புலவர்க்கு எழுதும்போது இவர் நடை செறிந்திருக்கும். கடுநடை எழுத வல்ல ஒருவர் சிறுவர்க்காகத் தம் நடையைத் தளர்த்திக்கொள்வது எளிய செயலன்று. பெரியபுராணத்தை உரைநடையாக்கி 1852-இல் வெளியிட்டதும், செய்யுளைப் படித்தறிய இயலாதார்பொருட்டேயாம்.

நாவலர் மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்தார். 1864-இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை நிறுவினார். 1879-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் யாழ்ப்பாணத்தில் மறைந்தார். அவருடைய பாலபாடங்கள் அதன் பின்னரும் பன்முறை அச்சேறி, ஈழத்திலும் தமிழகத்திலும் பல தலைமுறைச் சிறுவர் கைகளில் தவழ்ந்தன.