மழைக்குக் கணக்குக் கண்டவர்

உத்தனப்பள்ளியைச் சூழ்ந்த மேட்டு நிலங்களுள் பல வானம் பார்த்தவை. பருவமழை தவறாது பெய்தால் கேழ்வரகு விளையும். பொய்த்தால் உழவர் வாடுவர். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பெருந்துயர் உற்றது. இவ்வூர் அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. மழை ஏன் பொய்க்கிறது? இவ்வினாவிற்கு விடை தேடி நெடுங்காலம் உழைத்த அறிஞர் சர் கில்பர்ட் வாக்கர் ஆவார்.

வாக்கர் 1868ஆம் ஆண்டு சூன் திங்கள் 14ஆம் நாள் இங்கிலாந்து நாட்டில் ராச்டேல் என்னும் ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் பயின்று, 1889இல் கணிதத் தேர்வில் முதன்மை பெற்றார். எறிந்தவரிடமே திரும்பி வரும் வளைதடியின் இயக்கத்தை ஆராய்வதில் அவருக்குப் பேரார்வம் உண்டு. 1904இல் இந்திய வானிலை ஆய்வகங்களின் தலைவராக நம் நாட்டிற்கு வந்தார். அதற்குமுன் அவர் வானிலைத் துறையில் பணியாற்றியவர் அல்லர். கணிதமே அவருடைய கருவி.

பருவமழையை முன்னரே அறிந்து கூறுதல் அவருக்கு இடப்பட்ட பணி. உலகின் பல இடங்களிலும் பல்லாண்டுகளாகக் குறிக்கப்பட்ட காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் அளவுகளை அவர் திரட்டினார். கணிப்பொறி இல்லாத காலம் அது. இந்திய எழுத்தர்கள் அவற்றைக் கையாலேயே கணக்கிட்டனர். அதனால் ஓர் உண்மை புலப்பட்டது. பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயருங்கால் இந்தியப் பெருங்கடலில் தாழ்கிறது. அங்குத் தாழுங்கால் இங்கு உயர்கிறது. தராசுத் தட்டுகளை ஒத்த இவ்வியக்கத்திற்கு அவர் தென் அலைவு எனப் பெயரிட்டார்.

1913இல் சென்னைக்கு வந்த வாக்கர், துறைமுகத்தில் எழுத்தராக இருந்த இராமானுசனின் கணித ஏடுகளைக் கண்டார். அவற்றில் முடிவுகள் மிகுதி, நிறுவல்கள் குறைவு. ஆயினும் அவ்விளைஞரின் ஆற்றலை உணர்ந்து, அவருக்கு உதவுமாறு சென்னைப் பல்கலைக் கழகத்திற்குக் கடிதம் விடுத்தார். திங்கள்தோறும் 75 ரூபாய் உதவித்தொகையும் இராமானுசனுக்குக் கிட்டிற்று.

வாக்கரின் முடிவிற்கும் அத்தகைய குறை ஒன்று இருந்தது. எண்கள் உறவைக் காட்டின, காரணத்தைக் காட்டவில்லை. அறிஞர் சிலர் ஐயுற்றனர். காரணம் விளங்காமலேயே அவர் 1924இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். 1958ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் மறைந்தார்.

1969இல் யாக்கோப் பியர்க்னெசு என்னும் அறிஞர் அக்காரணத்தை விளக்கினார். நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கிலிருந்து வீசும் காற்று, பசிபிக் கடலின் வெப்ப நீரை மேற்கே தள்ளுகிறது. பெரு நாட்டுக் கரையில் குளிர்ந்த நீர் மேலெழுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அக்காற்று தளர்கிறது. அப்பொழுது வெப்ப நீர் கிழக்கே பரவுகிறது. அதனால் காற்று மேலும் தளர்கிறது. மழை முகிலும் நீரைப் பின்பற்றி இடம் மாறுகிறது. பெரு நாட்டு மீனவர் இதனை எல் நினோ என்பர். அத்தகைய ஆண்டுகள் பலவற்றில் நம் பருவமழை குன்றியுள்ளது; 1877 அவற்றுள் ஒன்று. எனினும் 1997இல் எல் நினோ வலுத்திருந்தும் மழை குன்றவில்லை. ஆதலின் ஆராய்ச்சி இன்றும் தொடர்கிறது.

அக்காற்றோட்டத்திற்கு வாக்கர் சுழற்சி என்பதே பெயர். தாம் காணாத விடைக்கு வழி வகுத்தவரை உலகம் இவ்வாறு போற்றுகின்றது. பயன் உடனே கிட்டாவிடினும் உண்மையைப் பொறுமையுடன் தேடுதல் கற்றோர் கடன் ஆகும்.