எந்தத் தரையிலும் ஓடும் குதிரை!
இத்தாலியச் சீமான் டெசியோவின் கதை

1937-ம் ஆண்டு. பாரீஸ் நகரின் லாங்ஷாம் பந்தய மைதானம்.

இத்தாலியில் ஓடிய எட்டுப் பந்தயங்களிலும் தோல்வியே அறியாத குதிரை டொனாடெல்லோ. பிரான்சின் "கிராண்ட் பிரி" பந்தயத்துக்கு அதைக் கொண்டுவந்திருந்தார் அதன் சொந்தக்காரர். குதிரை இரண்டாவதாகத்தான் வந்தது.

உள்ளூரில் புலி, வெளியூரில் பூனை என்று மற்றவர்கள் நினைக்க இடமாகிவிட்டது. ஆனால் சொந்தக்காரர் சளைக்கவில்லை. அடுத்த ஆண்டே அதே மைதானத்துக்கு வேறொரு குதிரையுடன் வந்து நின்றார். அவர்தான் பெடரிகோ டெசியோ.

தரைக்கு ஏற்ற குதிரை

பந்தயக் குதிரைக்கு எல்லாத் தரையும் ஒன்றல்ல. ஐரோப்பாவின் பெரிய பந்தயங்கள் புல்தரையில் நடக்கின்றன. மழை பெய்தால் அதே புல்தரை சேறாகிவிடும். அமெரிக்காவின் பெரிய பந்தயங்கள் மண் தரையில் நடக்கின்றன. முன்னே போகும் குதிரையின் குளம்பில் இருந்து கிளம்பும் மண், பின்னே வரும் குதிரையின் முகத்தில் அறையும்.

காலைத் தாழ்வாக நீட்டி ஓடும் குதிரைக்கு இறுகிய தரை ஏற்றது. முழங்காலை உயர்த்தி ஓடும் குதிரை சேற்றில் சமாளிக்கும் என்பது குதிரைக்காரர்களின் கணக்கு. இந்தக் கணக்கு பல தடவை பொய்த்துப் போகும். பணம் கட்டியவர்களைக் கேட்டால் தெரியும்!

75 கினிக்கு வாங்கிய அதிர்ஷ்டம்

டெசியோ 1869-ல் டூரின் நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். வாலிபத்தில் தாமே பந்தயக் குதிரை ஓட்டினார். தென் அமெரிக்காவின் பட்டகோனியாவில் தனியாகக் குதிரை மீது சுற்றி வந்தார். 1898-ல் மனைவி லிடியாவுடன், மாஜியோரே ஏரிக்கரையில் டோர்மெல்லோ என்ற இடத்தில் குதிரைப் பண்ணை தொடங்கினார். ஓவியத்தில் பிரியம் உள்ளவர். ஆகவே குதிரைகளுக்கு ஓவியர், சிற்பிகளின் பெயர்களைச் சூட்டினார்.

1915-ல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் நியூமார்க்கெட் ஏலத்தில் கேட்னிப் என்ற பெண் குதிரையை வெறும் 75 கினிக்கு வாங்கினார். அதன் மகள் நொகாரா. நொகாராவின் மகன் நியர்கோ.

ஒரே மேய்ச்சல் நிலத்தில் குதிரையைக் கட்டிவைப்பது டெசியோவுக்குப் பிடிக்காது. பருவத்துக்கு ஏற்ப மிருகங்கள் இடம் மாறுவதுதான் இயற்கை என்பது அவர் கொள்கை. அதனால் பிற்காலத்தில் குளிர் வந்ததும் குட்டிகளை ரோம் நகர் அருகே ஒல்ஜியாத்தா பண்ணைக்கு அனுப்பினார். ஓடத் தொடங்கிய குதிரையையும் சும்மா விடமாட்டார். குறைந்த தூரம், நீண்ட தூரம் என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பார்.

நியர்கோவின் தாய் குறைந்த தூரத்தில் பேர் வாங்கியது. லாங்ஷாம் பந்தயமோ 3,000 மீட்டர்! 1938 ஜூன் 26-ந் தேதி நியர்கோ ஓடியது. இங்கிலாந்து டெர்பியில் வென்ற குதிரையும் பிரெஞ்சு டெர்பியில் வென்ற குதிரையும் அதன் பின்னால்தான் வந்தன. நியர்கோவுக்கு அது 14-வது பந்தயம். பதினான்கிலும் வெற்றி.

நான்கே நாளில் 60 ஆயிரம் பவுனுக்கு நியர்கோவை இங்கிலாந்துக்கு விற்றுவிட்டார் டெசியோ. இரண்டாம் உலகப் போரின்போது அந்தக் குதிரைக்கென்றே குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை கட்டினார்கள்! எத்தனை மனிதர்களுக்கு அது கிடைத்தது?

பேரன்கள் ஓடிய தரை

நியர்கோ புல்தரையில் ஓடிய குதிரை. ஆனால் அதன் பேரன் நார்தர்ன் டான்சர் 1964-ல் அமெரிக்காவின் கெண்டக்கி டெர்பியை மண் தரையில் வென்றது. நார்தர்ன் டான்சரின் மகன் நிஜின்ஸ்கியோ 1970-ல் இங்கிலாந்தின் புல்தரையில் மூன்று பெரிய பந்தயங்களை வென்றது.

நியர்கோவின் இன்னொரு மகன் நஸ்ருல்லா. அதை வளர்த்தவர் கராச்சியில் பிறந்த ஆகாகான். அந்த வழியில் வந்த கொள்ளுப் பேரன்தான் செக்ரடேரியட். 1973-ல் அமெரிக்க மண் தரையில் பெல்மாண்ட் பந்தயத்தை 31 குதிரை நீள வித்தியாசத்தில் வென்றது. அதே ஆண்டு புல்தரைக்குப் போய் அங்கும் இரண்டு பந்தயங்களை வென்றது.

சின்னப் பயல்

இத்தனை கண் படைத்தவரின் லாயத்திலும் ஒரு தவறு நடந்தது. 1952-ல் பிறந்த ரிபோ என்ற குட்டி மிகச் சிறியதாக இருந்தது. "சின்னப் பயல்" என்று அதற்குப் பெயர். இது எங்கே பெரிய பந்தயத்தில் ஓடப்போகிறது என்று இத்தாலிய டெர்பிக்குப் பெயரே கொடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

1954 மே 1-ந் தேதி டெசியோ காலமானார். ஜூலையில் ரிபோ முதல் பந்தயத்தில் ஓடி வென்றது. அடுத்த ஆண்டு லாங்ஷாமில் நடந்த ஆர்க் டி டிரையோம்ப் பந்தயத்திலும் அதற்கே முதல் இடம்.

1956-ல் இங்கிலாந்தின் ஆஸ்காட் மைதானம். மழையில் தரை ஊறிப்போய்க் கால் புதைந்தது. சின்னப் பயலுக்கும் அந்தச் சேறு சிரமமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஐந்து குதிரை நீளம் முந்தி வந்தது. அந்த ஆண்டு ஆர்க் பந்தயத்தையும் மறுபடி வென்றுவிட்டு ஓய்வு பெற்றது. ரிபோ ஓடியது மொத்தம் 16 பந்தயங்கள். ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அவற்றில் ஒன்றைக்கூட டெசியோ பார்க்கவில்லை.