நாளைக்கு என்று தள்ளிவைத்த ராஜா

சீகன்பால்க் ஐயர் 1706-ல் வந்து இறங்கிய தரங்கம்பாடியைப்பற்றி நம்மில் அநேகருக்குத் தெரியும். அவரை அனுப்பியவர் டென்மார்க் ராஜா நான்காம் பிரெடரிக். ஆனால் அந்தக் கடற்கரையைக் கடைசியாக ஆண்ட டேனிஷ் ராஜா யார் தெரியுமா? அவர்தான் எட்டாம் கிறிஸ்டியன்.

இவர் பிறந்தது 1786-ல். ராஜகுமாரனாக இருக்கும்போதே, 1813-ல், டென்மார்க்கின் கீழிருந்த நார்வேக்கு அதிபதியாக அனுப்பப்பட்டார். மறுவருஷமே யுத்தத்தில் தோற்ற டென்மார்க், நார்வேயைச் சுவீடனுக்கு விட்டுக்கொடுத்தது. நார்வே ஜனங்கள் இதற்குச் சம்மதிக்கவில்லை. 1814 மே 17-ல் தங்களுக்கென்று ஒரு அரசியல் சாசனம் உண்டாக்கி, இவரையே ராஜாவாகத் தெரிந்துகொண்டார்கள். சுவீடன் படை உள்ளே வந்தது. அக்டோபர் மாசம் இவர் கிரீடத்தை இறக்கி வைத்துவிட்டு ஊர் திரும்பினார். சில மாச ஆட்சிதான்! ஆனாலும் அந்தச் சாசனம் திருத்தங்களோடு இன்றைக்கும் அங்கே நிற்கிறது.

அப்புறம் 25 வருஷம் காத்திருந்தார். ஆறாம் பிரெடரிக் ஆண் வாரிசு இல்லாமல் மரித்ததால், 1839-ல் தன் 53-வது வயதில் டென்மார்க் சிங்காசனத்தில் உட்கார்ந்தார். நார்வேயில் சாசனத்துக்குக் கீழ்ப்பட்டு ஆண்டவராச்சே, நமக்கும் ஒன்று கொடுப்பார் என்று ஜனங்கள் ஆசையாய் எதிர்பார்த்தார்கள். ஊராட்சி சபைகளை ஏற்படுத்தினார், சிறைச்சாலைகளைச் சீர்திருத்தினார். சாசனத்தை மட்டும் தள்ளிக்கொண்டே போனார்.

நம்ம திண்டுக்கல் 1792-லேயே கம்பெனி கைக்குப் போய்விட்டது. தரங்கம்பாடியிலோ, இடையில் பிரிட்டிஷார் பிடித்துவைத்திருந்த சில வருஷம் போக, டேனிஷ் கொடிதான் பறந்தது. வருமானம் குறைந்து செலவு மிஞ்சியதால், 1845-ல் தரங்கம்பாடியையும், வில்லியம் கேரி ஊழியம் செய்த செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில் தொடங்கிய உறவு அதோடு முடிந்தது.

இனி சொல்லப்போவதைக் கவனியுங்கள். மேற்கிந்தியத் தீவுகளில் டென்மார்க்குக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அங்கே ஆப்பிரிக்க ஜனங்கள் அடிமைகளாய்ப் பாடுபட்டார்கள். 1847 ஜூலையில் ராஜா ஒரு கட்டளை போட்டார். இனி பிறக்கிற பிள்ளைகள் சுயாதீனர். மற்றவர்களுக்கு விடுதலை 12 வருஷம் கழித்து! குழந்தை தொட்டிலில் விடுதலையாய்க் கிடக்க, பெற்ற தாய் அடிமையாகவே வயலுக்குப் போகவேண்டும். இது என்ன நியாயம்?

ராஜாவுக்கோ ஆறே மாசம்தான் மிச்சம் இருந்தது. 1848 ஜனவரி 20-ல் இரத்தத்தில் விஷம் ஏறி மரித்தார். அடிமைகள் 12 வருஷம் காத்திருக்கவில்லை. அதே வருஷம் ஜூலை 3-ல் செயின்ட் குரோய் தீவில் ஆயிரக்கணக்கில் திரண்டு எழும்பினார்கள். கவர்னர் வான் ஷோல்டன், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் அன்றே விடுதலை என்று அறிவித்தார். டென்மார்க்குக்குச் சாசனம் கிடைத்ததோ, மகன் ஏழாம் பிரெடரிக் காலத்தில், 1849 ஜூன் 5-ல்.

கிறிஸ்டியன் கொடியவர் அல்ல. படித்தவர், நன்மை இன்னதென்று அறிந்தவர். அறிந்ததைச் செய்ய நாள் குறித்தார். அந்த நாள் அவருக்குக் கிடைக்கவில்லை.

நம்ம கையில் சிங்காசனம் இல்லை. ஆனால் கொடுக்கவேண்டிய கூலி பாக்கி இருக்கலாம். பேச்சுவார்த்தை நின்றுபோன கூடப்பிறந்தவர் இருக்கலாம். 12 வருஷம் வேண்டாம், இன்றைக்கே முடித்துவிடுவோமா?