பேராசிரியர் மகலனோபிஸ்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் நாட்டுப் பழமொழி. பானைச் சோறு ஒரே நீரில் ஒரே தீயில் வெந்தது. ஆதலின் ஒரு பருக்கையே போதும். மக்கட்கூட்டமோ அத்தகையதன்று. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு உணவும் உடையும் வருவாயும் வேறுபடும். அத்தகைய பெருந்தொகையுள் எவரெவரைத் தேர்ந்து வினவினால் அனைவர் நிலையும் விளங்கும்? இவ்வினாவை நம் நாட்டில் நெறிப்பட ஆராய்ந்து விடை கண்டவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

இவர் 1893ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். அந்நகர மாநிலக் கல்லூரியில் பயின்றபின் கேம்பிரிட்ஜ் சென்று இயற்பியல் கற்றார். ஆங்கே நம் கணித மேதை இராமானுசனின் நண்பரானார். கம்பளிகளைப் படுக்கையின் அடியிற் செருகியிருக்கும் ஆங்கில வழக்கத்தை அறியாமல், அவற்றின்மேற் படுத்துக் குளிரில் நடுங்கிய இராமானுசனுக்கு, அவற்றை விலக்கி உள்ளே உறங்கும் முறையைக் காட்டியவர் இவரே. 1915இல் தாயகம் திரும்பவிருந்த காலை, போரினால் கப்பல் தாமதித்தது. அவ்விடைவேளையில் புள்ளியியல் இதழொன்றின் தொகுதிகள் இவர் கைக்கு எட்டின. கப்பலிலும் அவற்றையே படித்தார். இயற்பியலாசிரியராக வந்திறங்கியவர் உள்ளத்தில் புள்ளியியல் குடிகொண்டது. 1931இல் கல்லூரியின் ஓர் அறையிலேயே இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தோற்றுவித்தார்.

ஒரு பண்டத்தை விற்க முற்படுவோர், அதனை வாங்குவார் யாவர் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். பிறர் தொகுத்த கணக்குகளைப் பார்த்து அறிதல் ஒரு வழி. வீடுதோறும் சென்று வினவி அறிதல் மற்றொரு வழி. இவ்விரண்டாம் வழியில், 1939இல் கல்கத்தாவின் நடுத்தரக் குடும்பங்களிடையே தேநீர் அருந்தும் வழக்கம் எவ்வளவு பரவியுள்ளது என்று ஆராயப்பட்டது. அவ்வாய்வு முடிவுகளை மகலனோபிசே எழுதி வெளியிட்டார். சந்தை ஆய்வு என்று இன்று வழங்கும் துறைக்கு இந்நாட்டில் இது முற்பட்ட சான்றுகளுள் ஒன்று.

எனினும் இவர்தம் முறைக்குக் கடுஞ்சோதனையாய் அமைந்தது வங்கத்துச் சணல். விளைவு இவ்வளவு என்று பிழைபடக் கணித்தால் விலை நிலைகுலையும். உழவனும் வணிகனும் ஒருங்கே துன்புறுவர். வயல்தோறும் சென்று எண்ணுதலே மெய்க்கணக்கு என்றும், சிலவற்றை மட்டும் பார்த்தல் வெறும் ஊகம் என்றும் பலர் வாதிட்டனர். மகலனோபிஸ் 1937 முதல் சிறு அளவில் முன்னோட்டம் நடத்தி, ஆண்டுதோறும் பரப்பைப் பெருக்கினார். ஒரே பகுதிக்கு இரண்டு குழுவினரைத் தனித்தனியே அனுப்பி, இருவர் கணக்கையும் ஒப்பிட்டார். ஒருவர் பிழையை மற்றவர் கணக்குக் காட்டிக்கொடுத்தது. விளைந்த சணல் ஆலைக்கோ துறைமுகத்துக்கோ வந்தே தீரவேண்டும் அன்றோ? பின்னர் அவ்வணிகக் கணக்கோடு ஒத்துப்பார்த்தபோது, முழுமையாக எண்ணிய கணக்கே மிகுதியும் பிழைபட்டிருந்தது. எண்ணுவோர் பல்லாயிரவரானால் அவர்தம் கவனக்குறைவும் பெருகும் போலும்! மாதிரிக் கணக்கோ பத்தில் ஒரு பங்கு அளவான செலவில் உண்மையை அணுகியிருந்தது.

நாடு விடுதலை பெற்றபின், 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கிற்று. முதற்சுற்றில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊர்களுள் 1,833 ஊர்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. குடும்பம் எதற்கு எவ்வளவு செலவிடுகிறது என்று வினவுகையில் ஓர் இடர் தோன்றியது. சென்ற வாரச் செலவைக் கேட்டால் ஒரு விடையும், சென்ற திங்கட் செலவைக் கேட்டால் வேறொரு விடையும் வந்தன. மனிதர் மறதியுடையர். அவ்வேறுபாட்டையும் மறையாது அளந்து பதிந்தனர் இவர்தம் குழுவினர். பிற்காலத்தில் இச்செலவுக் கணக்குகள் அரசுக்கேயன்றி, எவ்வூரில் எப்பண்டம் விலைபோகும் என்று ஆராயும் வணிகர்க்கும் பயன்பட்டன.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுத்ததிலும் மகலனோபிசுக்குப் பெரும்பங்கு உண்டு. 1968இல் பத்ம விபூஷண் விருது பெற்ற இவர், 1972ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள், தம் எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முந்தைய நாளில் மறைந்தார். இவர் நிறுவிய கழகத்தின் மையம் ஒன்று சென்னைத் தரமணியில் உள்ளது.