நாட்டார் இசைக் கலைஞர் லெட் பெலி (1888 – 1949)

ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்களது நாட்டார் பாடல்களைத் தமது நினைவிலும் விரல்களிலும் காத்து வைத்திருந்த கலைஞர் லெட் பெலி ஆவார். ஹடி வில்லியம் லெட்பெற்றர் என்பது இவரது இயற்பெயர். லெட் பெலி என்பது சிறையில் இவருக்கு ஏற்பட்ட பட்டப்பெயர். சிறையிலிருந்து பாடியே விடுதலை பெற்ற மனிதர் என்று இவரைப் பற்றிப் பலர் கூறுவர். மாணவர்களே, அந்தக் கதையில் பாதி உண்மை, பாதி விளம்பரம். இவரது வாழ்வில் நீங்கள் அறிய வேண்டியது அதனிலும் பெரிய ஒன்று உண்டு.

லூசியானா மாநிலத்தில் மூரிங்ஸ்போட் என்னும் சிற்றூருக்கு அருகே உள்ள ஒரு பருத்தித் தோட்டத்தில் இவர் பிறந்தார். 1900ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் பிறப்பு 1888 ஜனவரி எனப் பதியப்பட்டுள்ளது. கல்லறைக் கல்லிலோ 1889 என்றே பொறிக்கப்பட்டிருக்கிறது. நூல்களில் இரண்டு ஆண்டுகளும் காணப்படுவதற்குக் காரணம் இதுவே. அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்திருந்தது. ஆயினும் கறுப்பின மக்களிற் பெரும்பாலோர் பிறருடைய நிலத்தில் உழைத்து விளைச்சலில் ஒரு பங்கைப் பெறும் நிலையிலேயே இருந்தனர். ஹடிக்கு ஐந்து வயதளவில் குடும்பம் எல்லை கடந்து ரெக்சாஸ் மாநிலத்திற்குச் சென்றது. தந்தை வெஸ்லி அங்கே சொந்தமாகக் காணி வாங்கி உழுதார். அக்காலத்தில் ஒரு கறுப்பினத்தவருக்கு இது சாதாரண காரியமன்று.

ஹடி முதன்முதலில் வாசித்த வாத்தியம் கிற்றார் அன்று. மாமன் ரெறல் கொடுத்த சிறிய அக்கோடியனே அது. துருத்தியை இழுத்தும் அழுத்தியும் பொத்தான்களால் சுரங்களை எழுப்பும் அந்தக் கருவியை வைத்துக்கொண்டு, சிறுவன் அயலிலுள்ள நடன இரவுகளுக்குச் சென்று வாசித்தான். பின்னர் மண்டலின், மவுத் ஓர்கன், வயலின், பியானோ என ஒவ்வொன்றாகக் கைவந்தன. பதினைந்து வயதளவில் தந்தை ஒரு கிற்றார் வாங்கிக் கொடுத்தார். இசைப் பள்ளி எதற்கும் இவர் சென்றதில்லை. தேவாலயத்திற் கேட்ட பாடல், வயலிற் கேட்ட கூவல், சிறுவர் விளையாட்டுப் பாடல், ஊர் கடந்து வந்த கதைப்பாடல் எல்லாமே இவருக்குப் பாடமாயின. ஒருமுறை கேட்டால் போதும், இவர் மறப்பதில்லை.

இவரது பெயரோடு இன்று இணைத்துப் பேசப்படுவது பன்னிரண்டு தந்திக் கிற்றார். அதன் அமைப்பை விளங்கிக்கொண்டாற்றான் இவரது இசையை விளங்கிக்கொள்ளலாம். சாதாரண கிற்றாரில் ஆறு தந்திகள் உள்ளன. பன்னிரண்டு தந்திக் கிற்றாரில் அந்த ஆறும் ஆறு சோடிகளாகின்றன. தடித்த தந்திகளின் சோடிகளில் ஒன்று மற்றையதைவிட ஒரு ஸ்தாயி உயர்வாக ஒலிக்கும். மெல்லிய தந்திகளின் சோடிகள் ஒரே சுருதியில் ஒலிக்கும். எனவே ஒரு விரல் பட்டாலே இரண்டு கருவிகள் சேர்ந்து ஒலிப்பது போன்ற நிறைவு கிடைக்கிறது. லெட் பெலி தமது கிற்றாரை வழக்கமான சுருதியிலும் நன்றாகத் தாழ்த்தி வைத்திருந்தார். ஒலிபெருக்கி இல்லாத மண்டபத்தில், காலடிகளும் கூச்சலும் நிறைந்த நடனக் கூட்டத்தில், ஒரு தனி மனிதனின் வாத்தியம் கேட்க வேண்டுமானால் இத்தகைய வலிய கருவி தேவைப்பட்டது.

அந்தக் கிற்றாரில் இவர் வாசித்த முறைக்கு இன்னொரு மூலமும் உண்டு. லூசியானாவின் ஷ்ரீவ்போட் நகரில் பனின் வீதி என்ற இடம் மதுச்சாலைகளுக்குப் பேர்போனது. தாய் தடுத்தும் கேளாமல் இளைஞனான ஹடி அங்கே சென்றார். மதுச்சாலைப் பியானோக் கலைஞர்களின் இடது கை, படி ஏறி இறங்குவது போல மந்தர சுரங்களில் ஓயாது நடப்பதைக் கவனித்தார். அந்த நடையைத் தமது வலது கைக் கட்டைவிரலுக்குக் கொண்டுவந்தார். ஒரு வாத்தியத்தின் மொழியை இன்னொன்றிற் பேச வைத்தார் எனலாம். பல வாத்தியங்களை அறிந்ததன் உண்மையான பயன் இதுதான், எண்ணிக்கை பெரிதன்று.

1910களின் முற்பகுதியில் டலஸ் நகரில், கண்பார்வையற்ற பாடகரான பிளைண்ட் லெமன் ஜெபர்சனுடன் சேர்ந்து தெருக்களிலும் புகையிரதங்களிலும் பாடினார். ஜெபர்சன் பின்னர் இசைத்தட்டுகள் மூலம் பெரும் புகழ் பெற்றார். ஹடியின் வழி வேறு திசையிற் சென்றது.

இவரது வாழ்வின் இருண்ட பக்கத்தை மறைப்பது முறையன்று. இவர் முன்கோபி. சண்டைகளில் இறங்கினார். 1915இல் தண்டனை பெற்றுச் சங்கிலியிற் பிணைக்கப்பட்ட வேலைக் குழுவிற் சேர்க்கப்பட்டபோது தப்பியோடி, வோல்ற்றர் பொய்ட் என்ற பொய்ப் பெயரில் வாழ்ந்தார். 1918இல் உறவினர் ஒருவரைக் கொன்ற குற்றத்திற்காக ரெக்சாஸ் சிறைக்கு அனுப்பப்பட்டார். அக்காலத் தென்மாநிலச் சிறைகள் பரந்த பண்ணைகளாகவே இருந்தன. கைதிகள் விடியல் முதல் இருள் வரை கரும்பும் பருத்தியும் விளைவித்தனர், மரம் தறித்தனர்.

நாட்டார் பாடல்களைப் படிக்கும்போது தொழிற்பாடல் என்ற வகையை நீங்கள் கண்டிருப்பீர்கள். சிறைப்பண்ணையில் அவ்வகைப் பாடல் உயிர்காக்கும் கருவியாகவே இருந்தது. பத்துப் பேர் வரிசையாக நின்று கோடரி வீசும்போது ஒருவர் தாளம் தப்பினால் அருகில் நிற்பவருக்கு ஆபத்து. மெதுவாக வேலை செய்பவனைக் காவலர் தனியே பிரித்தறிந்து அடிப்பர். ஒருவர் முன்பாட்டுப் பாட, மற்றையோர் வெட்டு விழும் கணத்தில் மூச்சை விட்டு ஒலி எழுப்பி ஒன்றாக இயங்கினால், வலியவனும் நலிந்தவனும் ஒரே வேகத்தில் வேலை செய்வதாகத் தோன்றும். ஹடி முன்பாட்டுக்காரரானார். பின்னாளில் மேடைகளிற் பாடியபோதும் அடிகளுக்கிடையே அந்த மூச்சொலியை இவர் விடவில்லை. நகரத்து இரசிகர்கள் பலர் அதனை ஓர் அலங்காரம் என்று எண்ணியிருக்கக்கூடும்.

ரெக்சாஸ் ஆளுநர் பற் நெவ், கைதிகளுக்கு மன்னிப்பு வழங்குவதில்லை என்று வாக்குறுதியளித்துப் பதவிக்கு வந்தவர். அவர் சிறையைப் பார்வையிட வந்தபோது ஹடி தமது விடுதலையை வேண்டித் தாமே புனைந்த பாடலைப் பாடினார். 1925 ஜனவரியில், பதவியை விட்டுச் செல்லும் தறுவாயில், நெவ் மன்னிப்பில் ஒப்பமிட்டார். கதையின் உண்மையான பாதி இது.

மற்றப் பாதிக்கு வருவோம். 1930இல் கத்திக்குத்து வழக்கொன்றில் மீண்டும் தண்டனை பெற்று லூசியானாவின் அங்கோலா சிறைக்குச் சென்றார். 1933 யூலையில் ஜோன் லோமாக்ஸ் என்ற நாட்டார் பாடல் ஆய்வாளர், தம் மகன் அலனுடன் அங்கு வந்தார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திற்காகப் பாடல்களைச் சேகரிப்பது அவர்களது பணி. வெளியுலகத்தின் வானொலியும் இசைத்தட்டும் எட்டாத இடமாதலாற் பழம்பாடல்கள் சிறைகளில் மாறாது இருக்கும் என்பது லோமாக்ஸின் கணிப்பு. காரின் பின்புறத்தில் 300 இறாத்தலுக்கு மேற்பட்ட ஒலிப்பதிவு இயந்திரம் ஒன்றை ஏற்றிக்கொண்டு அவர்கள் சிறை சிறையாகச் சென்றனர். அங்கோலாவில் அவர்கள் கண்டது ஒரு பாடகரையன்று, ஒரு களஞ்சியத்தையே ஆகும்.

அன்று பதிவான பாடல்களில் ஒன்று 'குட்நைற் ஐரீன்'. ஹடி அதனை மாமன் ரெறலிடமிருந்து கற்றார். அதன் வேரைத் தேடியோர், கசி டேவிஸ் என்ற கறுப்பினப் பாடலாசிரியர் 1886இல் வெளியிட்ட பாடலொன்றில் அதனைக் கண்டனர். அச்சில் வந்த பாடல் வாய்மொழிக்குள் இறங்கி, சொல்லும் மெட்டும் மாறி, ஒரு குடும்பத்தின் சொத்தாகிவிட்டது. நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லை என்று பொதுவாக எழுதுகிறோம். பல சமயங்களில் ஆசிரியர் இருந்தார், மறக்கப்பட்டார் என்பதே பொருத்தம்.

1934 யூலையில் லோமாக்ஸ் மீண்டும் வந்தபோது, லூசியானா ஆளுநருக்கு வேண்டுகோளாக ஒரு பாடல் பதிவு செய்யப்பட்டது. ஓகஸ்டில் ஹடி விடுதலையானார். பத்திரிகைகள் பாட்டால் திறந்த கதவு என்று வருணித்தன. ஆனால் நன்னடத்தைக்காகத் தண்டனைக் காலத்தைக் குறைக்கும் சட்டப்படியே விடுதலை வழங்கப்பட்டதாகச் சிறை நிர்வாகம் எழுத்தில் தெரிவித்துள்ளது. பரீட்சை விடையில் இவ்விரு விடுதலைகளையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள்.

வேலை தேடிய ஹடியை லோமாக்ஸ் சாரதியாகச் சேர்த்துக்கொண்டார். சாரதி என்பது பெயரளவிற்றான். சிறைகளுக்குச் சென்றபோது, எத்தகைய பாடல்கள் வேண்டும் என்பதைக் கைதிகளுக்குப் பாடிக் காட்டியவர் ஹடியே. ஆர்கன்சோ மாநிலச் சிறையிற் கைதிகள் பாடிய 'ரொக் ஐலண்ட் லைன்' என்ற புகையிரதப் பாடலை இவர் அங்கேயே உள்வாங்கி, தமது கிற்றாருக்கேற்ப வளர்த்தெடுத்தார். சேகரிப்பாளர் என்ற பெருமை லோமாக்ஸுக்கே எழுதப்பட்டுள்ளது. அதில் ஒரு பங்கு இவருக்கும் உரியது என்பது எமது கருத்து.

1934 டிசம்பரிற் பிலடெல்பியாவில் அறிஞர் கூட்டத்தின் முன்னும், 1935 ஜனவரியில் நியூயோர்க்கிலும் பாடியபோது பெரும் பரபரப்பு எழுந்தது. ஆனால் பத்திரிகைகள் கொலைகாரப் பாடகன் என்ற கோணத்தையே பிடித்துக்கொண்டன. சிறை உடையில் தோன்றும்படி இவர் கேட்கப்பட்டார்; அதே கோலத்திற் செய்திப்படமும் எடுக்கப்பட்டது. இவரோ நன்கு மடித்த மேலங்கியும் கழுத்துப்பட்டியும் அணிந்து மேடையேற விரும்பியவர். வருமானத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கு ஒப்பந்தப்படி லோமாக்ஸ் குடும்பத்திற்குச் சென்றது. 1935 மார்ச்சில் இருவருக்கும் பிணக்கு முற்றி, ஹடி தம் மனைவி மார்தாவுடன் ஊர் திரும்பினார். லோமாக்ஸ் இல்லாவிட்டால் இவரது குரல் அங்கோலாவிலேயே அடங்கியிருக்கும். அதற்காக அவர் நியாயமாக நடந்துகொண்டார் என்று கூறிவிட முடியாது.

1936 முதல் நியூயோர்க்கே இவரது இருப்பிடமாயிற்று. வணிக நிறுவனங்கள் வெளியிட்ட இசைத்தட்டுகள் விற்பனையாகவில்லை. கறுப்பின நகரவாசிகளுக்கு அவை பழங்காலத்துப் பாடல்கள். அவர்கள் ஜாஸ் இசையை விரும்பினர். 1937இல் வாஷிங்டன் சென்றபோது, வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து தங்க இடம் கொடுக்க வீட்டுக்காரர் மறுத்தனர். அந்த அவமானத்தை இவர் உடனே பாட்டாக்கினார். 1939இல் மீண்டும் ஒரு கத்திக்குத்து வழக்கிற் சில மாதங்கள் சிறையிருந்தார். பீற் சீகர், வுடி கத்றி முதலிய இளம் பாடகர்கள் இவரது சிறிய வீட்டுக்கு வந்து, விடிய விடிய இருந்து பாடல்களைக் கற்றனர்.

மோஸஸ் ஆஷ் என்ற சிறு வெளியீட்டாளர் 1941இல் இவரைக் கொண்டு வெளியிட்டது சிறுவர் விளையாட்டுப் பாடல்களின் தொகுப்பாகும். கொலைக்குற்றவாளி ஒருவர் குழந்தைகளுக்குப் பாடுவதா என்று கண்டனம் எழுந்தது. நியூயோர்க் குழந்தைகளோ அவரைச் சூழ்ந்து கைகொட்டிப் பாடினர். அக்கோடியனும் பியானோவும் வாசித்து இவர் செய்த பதிவுகளும் இந்தப் பத்தாண்டுக்குரியவையே.

1940களில் மின்கிற்றார் பரவியது. சிக்காகோவின் கறுப்பினக் கலைஞர்கள் அதற்கு மாறினர். லெட் பெலி மரத்தாலான தமது பழைய கிற்றாரை விடவில்லை. 1948இல் பிறெட்றிக் றம்சி என்பவர் புதிதாக வந்த ஒலிநாடாக் கருவி ஒன்றைத் தம் வீட்டில் வைத்திருந்தார். அதுவரை இசைத்தட்டின் ஒரு பக்கத்திற்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் என்ற எல்லைக்குள் ஒவ்வொரு பாடலையும் நறுக்க வேண்டியிருந்தது. ஒலிநாடாவில் அந்தத் தடை இல்லை. உணவுக்கு அழைக்கப்பட்ட லெட் பெலி கிற்றாரைக் கொண்டுவரவில்லை. வாத்தியமின்றியே பாடத் தொடங்கினார். ஒரு பாடல், அதை எங்கே கேட்டார் என்ற கதை, அதிலிருந்து இன்னொரு பாடல் என்று நீண்டது. சில இரவுகளில் 90க்கும் மேற்பட்ட பாடல்கள் பதிவாயின.

அவை பதிவான நேரம் முக்கியமானது. 1949இற் பாரிஸ் நகருக்குப் பாடச் சென்றபோது, தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் இவருக்கு உண்டெனக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு யூனில் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இவர் பாடிய கச்சேரியே இறுதியானது. முந்திய ஆண்டில் மறைந்த ஜோன் லோமாக்ஸின் நினைவாக அது நடைபெற்றது. பிணங்கிப் பிரிந்த மனிதருக்காக, தாம் முன்பு கைதியாயிருந்த மாநிலத்தில், மார்தாவையும் உடன் பாடவைத்து இவர் பாடினார். 1949 டிசம்பர் 6ஆம் திகதி நியூயோர்க் மருத்துவமனையிற் காலமானார். உடல் பிறந்த ஊருக்கருகே அடக்கம் செய்யப்பட்டது.

ஓர் ஆண்டு கழியுமுன், பீற் சீகர் அங்கம் வகித்த 'வீவர்ஸ்' குழு பாடிய 'குட்நைற் ஐரீன்' பதின்மூன்று வாரங்கள் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. 1956இல் லொனி டொனகன் பாடிய 'ரொக் ஐலண்ட் லைன்' பிரித்தானியாவிற் பரவ, இளைஞர்கள் மலிவான கிற்றார்களை வாங்கிக் குழுக்கள் அமைத்தனர். லிவர்பூலில் ஜோன் லெனன் அமைத்த பாடசாலைக் குழுவும் அவற்றுள் ஒன்று; பீற்றில்ஸ் அதிலிருந்தே வளர்ந்தது.

றம்சியின் ஒலிநாடாக்கள் 1953இல் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. கேட்க வாய்ப்புக் கிடைத்தால், முதலில் கிற்றார் இல்லாத பாடல்களைக் கேளுங்கள். பிறகு கிற்றாருடன் கூடிய ஒன்றை எடுத்து, குரலை விட்டுவிட்டுக் கட்டைவிரல் நடக்கும் மந்தர தந்திகளை மாத்திரம் பின்தொடர்ந்து பாருங்கள். பனின் வீதியின் பியானோ அங்கேதான் இருக்கிறது.