சார்ல்ஸ் ஸ்டார்க் டிரேப்பர்

சார்ல்ஸ் ஸ்டார்க் டிரேப்பர் (அக்டோபர் 2, 1901 – ஜூலை 25, 1987) அமெரிக்க அறிவியலாளரும் பொறியியலாளரும் ஆவார். வெளியே எதையும் பாராமலும், தரையிலிருந்து எவ்விதக் குறிப்பலையும் பெறாமலும் ஓர் ஊர்தி தான் இருக்கும் இடத்தைத் தானே கணக்கிட்டு அறியும் நிலைம வழிகாட்டல் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர். அப்பல்லோ விண்கலங்களின் வழிகாட்டுக் கணினி இவரது ஆய்வுக்கூடத்தில் உருவானது. இன்றைய பயணிகள் விமானங்களில் உள்ள கணினிகளுக்கு விமானத்தின் இடத்தையும் சாய்வையும் தெரிவிக்கும் கருவிகள் இவரது பணியின் வழிவந்தவை. அதே கருவிகள் அணு ஏவுகணைகளுக்கும் வழிகாட்டின. அதன் பொருட்டு எழுந்த எதிர்ப்பால், தாம் நிறுவிய ஆய்வுக்கூடத்தின் தலைமையை இவர் இழக்க நேர்ந்தது.

இளமையும் கல்வியும்

டிரேப்பர் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் விண்ட்சர் என்னும் சிற்றூரில் பிறந்தார். மிசூரி பல்கலைக்கழகத்தில் 1917 இல் சேர்ந்து, பின்னர் கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திற்கு மாறினார். அங்கு 1922 இல் அவர் பெற்ற இளங்கலைப் பட்டம் பொறியியலில் அன்று, உளவியலில் ஆகும். அதன்பின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். (எம்.ஐ.டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இக்கழகம், சென்னை குரோம்பேட்டையில் அதே சுருக்கப் பெயருடன் உள்ள கல்லூரியினின்றும் வேறானது.) அங்கு மின்வேதிப் பொறியியலில் 1926 இல் இளநிலைப் பட்டமும், 1928 இல் முதுநிலைப் பட்டமும், 1938 இல் இயற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார். இடைப்பட்ட காலத்தில் அவர் பயின்ற பாடங்களின் எண்ணிக்கை அக்கழகத்தில் அதுவரை எவரும் பயிலாத அளவினது என்று கூறப்படுவதுண்டு. 1939 இல் முழுப் பேராசிரியரானார். ஐவி வில்லார்டு என்பவரை 1938 இல் மணந்தார். இவர்களுக்கு நான்கு பிள்ளைகள்.

விமானமும் கருவிகளும்

இராணுவ விமானியாகும் முயற்சி கைகூடாததால், டிரேப்பர் தனியார் பயிற்சி பெற்று விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். அக்கால விமானங்களின் கருவிப் பலகை அவருக்கு நிறைவளிக்கவில்லை. மேகத்தினுள் நுழைந்த விமானியின் உடல், விமானம் திரும்புவதையும் சாய்வதையும் சரியாக உணர்வதில்லை. நேராகப் பறப்பதாக எண்ணிக்கொண்டே சுழன்று கீழே விழுந்தவர் பலர். உளவியல் பயின்ற ஒருவர் இச்சிக்கலில் ஈடுபட்டதில் வியப்பில்லை. இக்குறையை எடுத்துக்காட்டுவதற்காக, பின்னாளில் எம்.ஐ.டியின் தலைவரான ஜூலியஸ் ஸ்ட்ராட்டனைத் தம் சிறு விமானத்தில் ஏற்றிச்சென்று, வானில் அதனை வேண்டுமென்றே நிலைகுலையச் செய்து சுழலவிட்டார். ஸ்ட்ராட்டன் பெரிதும் அஞ்சினார் என்பர்.

1930களில் எம்.ஐ.டியில் கருவியியல் ஆய்வுக்கூடத்தை டிரேப்பர் நிறுவினார். இரண்டாம் உலகப் போரில் இக்கூடம் வடிவமைத்த மார்க் 14 என்னும் குறிபார்க்கும் கருவி அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் விமான எதிர்ப்புப் பீரங்கிகளில் பெருமளவில் பொருத்தப்பட்டது. பறந்துவரும் விமானத்தைச் சுட வேண்டுமாயின் அது இப்போது இருக்கும் இடத்தை அல்லாமல், குண்டு சென்றடையும் நேரத்தில் அது இருக்கப்போகும் இடத்தை நோக்கிச் சுட வேண்டும். பீரங்கியைத் திருப்பும் வேகத்தைச் சுழல்காட்டிகளால் (கைரோஸ்கோப்) அளந்து, எவ்வளவு முன்தள்ளிச் சுடவேண்டும் என்பதை இக்கருவி காட்டியது. டிரேப்பரின் பெயரும், படைத்துறையுடன் அவருக்கிருந்த நீண்ட உறவும் இதிலிருந்தே தொடங்கின.

நிலைம வழிகாட்டல்

கண்களைக் கட்டிக்கொண்ட ஒருவர் மதுரை பழங்காநத்தம் ரவுண்டானாவில் ஒரு வண்டியில் ஏறுவதாகக் கொள்வோம். வண்டி விரைவெடுக்கும்போது முதுகு இருக்கையில் அழுந்தும். நிறுத்தும்போது உடல் முன்சாயும். திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும். இத்தள்ளல்களை ஒன்றுவிடாமல் அளந்து, நேரத்தையும் குறித்துவைத்துக் கூட்டிவந்தால், வண்டி பைக்காராவைத் தாண்டியதா, பசுமலையை நெருங்கியதா, திருப்பரங்குன்றத்தில் நிற்கிறதா என்பதை அவர் கண்ணைத் திறவாமலே சொல்லிவிடலாம். மனித உடலால் இது இயலாது. முடுக்கமானிகளும் சுழல்காட்டிகளும் ஒரு கணினியும் சேர்ந்தால் இயலும். முடுக்கத்தை நேரத்தைக் கொண்டு தொகுத்தால் திசைவேகமும், திசைவேகத்தை மீண்டும் தொகுத்தால் கடந்த தொலைவும் கிடைக்கும். எத்திசையில் முடுக்கம் நிகழ்ந்தது என்பதைச் சுழல்காட்டிகள் சொல்லும்.

கொள்கை எளிது, செய்து காட்டுவதே கடினம். சுழல்காட்டி மணிக்கு ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு வழுவினாலும், கணக்கிட்ட இடம் மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பிழைபடும். வழுவலுக்கு முதன்மைக் காரணம் தாங்கிகளில் ஏற்படும் உராய்வு. டிரேப்பர் சுழல்காட்டியை ஒரு கலத்தில் அடைத்து, அக்கலத்தை அடர்ந்த நீர்மத்தில் மிதக்கவிட்டார். எடையை நீர்மம் தாங்கியதால் தாங்கிகளில் உராய்வு பெரிதும் குறைந்தது.

இதனினும் ஆழமான தடை ஒன்று இருந்தது. முடுக்கமானியால் புவியீர்ப்பையும் ஊர்தியின் முடுக்கத்தையும் வேறுபடுத்தி அறிய முடியாது. இது ஐன்ஸ்டைன் சுட்டிக்காட்டிய இயற்கை விதி. எது நேர்கீழ்த் திசை என்று தெரியாத கருவி, சிறு சாய்வையும் முடுக்கம் என்று எண்ணிவிடும். ஆகவே இம்முறை கொள்கையளவிலேயே இயலாதது என்று புகழ்பெற்ற இயற்பியலாளர் ஜார்ஜ் காமாவ் வாதிட்டார். இதற்கான விடையை ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் ஷூலர் 1923 இலேயே காட்டியிருந்தார். 84.4 நிமிட அலைவுக்காலம் கொண்ட ஊசல் போன்று கருவி இயங்குமாறு அமைத்தால், ஊர்தி எவ்வாறு முடுக்கப்பட்டாலும் அது புவியின் மையத்தையே சுட்டி நிற்கும். அவ்வளவு நீண்ட ஊசலை எவரும் செய்ய இயலாது. ஆனால் சுழல்காட்டிகளையும் கணக்கிடும் பொறியையும் கொண்டு அதன் நடத்தையைப் போலச்செய்யலாம்.

1953 பிப்ரவரி 8 அன்று, ஸ்பயர் என்று பெயரிடப்பட்ட கருவித் தொகுதியை ஏற்றிய பி-29 விமானம் ஒன்று மாசச்சூசெட்ஸின் பெட்ஃபோர்டிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் பறந்தது. பன்னிரண்டு மணி நேரத்திற்கும் மேற்பட்ட அப்பயணத்தில் வழியைத் தேர்ந்தது அக்கருவியே. விமானி அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். டிரேப்பரும் அவ்விமானத்தில் இருந்தார். ஸ்பயரின் எடை 1,000 கிலோகிராமுக்கும் மேல்.

நிலைம வழிகாட்டலின் தந்தை என்று டிரேப்பரைக் குறிப்பிடுவது வழக்கம். எனினும் ஜெர்மனியின் வி-2 ஏவுகணையில் போர்க்காலத்திலேயே சுழல்காட்டிகளும் முடுக்கமானியும் இருந்தன. அமெரிக்காவிலும் வேறு குழுக்கள் இத்துறையில் உழைத்தன. துல்லியத்தை அடைந்ததும், அதனை நம்பலாம் என்று ஐயுற்றவர்களுக்குக் காட்டியதுமே டிரேப்பரின் தனிச்சிறப்பு எனலாம்.

அப்பல்லோ

1961 ஆகஸ்ட் 9 அன்று அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டு அமைப்பை உருவாக்கும் பணியை நாசா இவரது ஆய்வுக்கூடத்திடம் ஒப்படைத்தது. நிலாத் திட்டத்திற்காக வழங்கப்பட்ட முதல் பெரிய ஒப்பந்தம் இதுவே. கருவி சரியாக வேலை செய்யுமா என்னும் ஐயம் எழுந்தபோது, அதனை இயக்குவதற்குத் தாமே விண்வெளிக்குச் செல்ல ஆயத்தமாக இருப்பதாக டிரேப்பர் நாசாவுக்கு எழுதினார். அப்போது அவருக்கு வயது 60. அக்கடிதத்தைப் பெற்ற ராபர்ட் சீமன்ஸ் முன்னாளில் அவரிடம் பயின்றவர். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை.

அப்பல்லோ வழிகாட்டுக் கணினி சுமார் 32 கிலோகிராம் எடையுள்ளது. தொகுப்புச் சுற்றுகளைக் கொண்டு கட்டப்பட்ட முதல் கணினிகளுள் ஒன்று. இதன் மாற்றவியலா நினைவகம் 36,864 சொற்களும், அழித்து எழுதக்கூடிய நினைவகம் 2,048 சொற்களும் கொண்டது. நிரல்கள் காந்த வளையங்களின் ஊடாகவும் வெளியாகவும் செல்லும் கம்பிகளாகக் கோக்கப்பட்டன. நெசவை ஒத்த இவ்வேலையைப் பெண் தொழிலாளர்கள் கையால் செய்தனர். கணினியின் வடிவமைப்பிற்கு எல்டன் ஹாலும், நிரலாக்கத்திற்கு மார்கரெட் ஹாமில்டனும் தலைமை ஏற்றனர். 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 நிலாவில் இறங்குகையில் கணினிக்கு வேலைப்பளு மிகுந்து எச்சரிக்கை ஒலித்தது. இன்றியமையாதவற்றை மட்டும் தொடர்ந்து செய்து, பிறவற்றை ஒதுக்கும்படி அது நிரலாக்கப்பட்டிருந்ததால் தரையிறக்கம் தடைபடவில்லை.

எதிர்ப்பும் பிரிவும்

இதே ஆய்வுக்கூடம் நீர்மூழ்கிகளிலிருந்து ஏவப்படும் போலாரிஸ் முதலிய அணு ஏவுகணைகளுக்கும் வழிகாட்டு அமைப்புகளை வடிவமைத்தது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1969 இல், ஒரு கல்வி நிறுவனம் இத்தகைய பணியில் ஈடுபடலாமா என்று எம்.ஐ.டி மாணவர்களும் ஆசிரியர்கள் பலரும் வினவினர். அவ்வாண்டு நவம்பரில் ஆய்வுக்கூடத்தின் முன் மறியல் நடந்தது, காவல்துறை தலையிட்டது. டிரேப்பர் தம் பணியை நாட்டின் பாதுகாப்பிற்கு இன்றியமையாததாகவே கருதினார். அதனைக் கைவிட இசையவில்லை. மறுபுறம், துல்லியமான ஏவுகணை போரைத் தடுக்குமா, அன்றி முதலில் தாக்கும் ஆசையைத் தூண்டுமா என்று எதிர்ப்பாளர்கள் எழுப்பிய வினாவும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

1970 இல் ஆய்வுக்கூடத்திற்கு டிரேப்பரின் பெயர் சூட்டப்பட்டது. ஏறத்தாழ அதே வேளையில் தலைமைப் பொறுப்பு அவரிடமிருந்து வேறொருவருக்கு மாறியது. பெயர் சூட்டலைப் பெருமையாக மட்டும் அவர் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. 1973 இல் ஆய்வுக்கூடம் எம்.ஐ.டியினின்றும் பிரிந்து தனி நிறுவனமாயிற்று.

பயணிகள் விமானங்களில்

பெருங்கடல்களைக் கடக்கும் விமானங்களில் 1960கள் வரை விண்மீன்களைப் பார்த்து இடத்தைக் கணக்கிடும் வழிகாட்டுநர் ஒருவர் உடன்செல்வது வழக்கம். 1970 இல் சேவைக்கு வந்த போயிங் 747 இல், கரௌசல் எனப்பட்ட நிலைம வழிகாட்டல் அமைப்புகள் மூன்று அவரது இடத்தைப் பிடித்தன. இவற்றைச் செய்தது, டிரேப்பர் கூடத்தின் வடிவமைப்பின்படி அப்பல்லோவின் சுழல்காட்டித் தளத்தைச் செய்த அதே ஜெனரல் மோட்டார்ஸ் பிரிவாகும். இந்தியாவில் 1971 இல் ஏர் இந்தியா இவ்வகை விமானத்தைப் பெற்றது.

இரண்டாவது வழி அப்பல்லோ கணினி வாயிலாக வந்தது. 1972 மே 25 அன்று நாசாவின் எஃப்-8 விமானம், விமானியின் கைப்பிடிக்கும் இறக்கைகளுக்கும் இடையே இயந்திர இணைப்பு ஏதுமின்றிப் பறந்தது. கைப்பிடியின் அசைவைக் கணினி படித்து மின்குறிப்பாக அனுப்பியது. அக்கணினி அப்பல்லோவிற்காகச் செய்யப்பட்டதே. இம்முறையை முழுமையாகக் கைக்கொண்ட முதல் பயணிகள் விமானமான ஏர்பஸ் ஏ320, டிரேப்பர் மறைவதற்கு ஐந்து மாதங்கள் முன்பு, 1987 பிப்ரவரி 22 அன்று முதன்முதலில் பறந்தது. இதில் பறத்தலைக் கட்டுப்படுத்தும் கணினிகள் மட்டும் ஏழு.

மதுரை விமான நிலையத்திலிருந்து ஏ320 ஒன்று புறப்படும் முன் சில நிமிடங்கள் அசையாமல் நிற்க வேண்டும். அப்போது சுழல்காட்டிகள் புவியின் சுழற்சியையே அளந்து வடதிசையைக் கண்டறிகின்றன. அகலாங்கையும் கணக்கிட முடிகிறது. நெட்டாங்கை மட்டும் அவற்றால் அறிய முடியாது, ஏனெனில் புவிச் சுழற்சி எல்லா நெட்டாங்கிலும் ஒன்றே. ஆகவே தொடக்க இடத்தை விமானிகளோ செயற்கைக்கோள் வழி இடங்காட்டியோ தர வேண்டும். டிரேப்பரின் மிதக்கும் சுழல்காட்டிகள் இவற்றில் இல்லை. 1980களின் தொடக்கத்தில் போயிங் 767, 757 விமானங்களுடன் வந்த லேசர் வளையங்கள் அவற்றை அகற்றிவிட்டன. கணக்கிடும் முறை அதுவே.

இக்கருவிகள் இருந்தும் விபத்துகள் நேர்ந்துள்ளன. 1983 செப்டம்பர் 1 அன்று தென்கொரியாவின் போயிங் 747 ஒன்று வழி விலகிச் சோவியத் வான்வெளியில் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தனர். தன்னியக்க விமானி நிலைம வழிகாட்டலைப் பின்பற்றாமல், மாறாத திசைகாட்டித் திசையிலேயே சென்றது என்று பன்னாட்டு வான்போக்குவரத்து நிறுவனம் 1993 இல் முடிவு செய்தது. 2008 அக்டோபர் 7 அன்று சிங்கப்பூரிலிருந்து பெர்த் சென்ற குவாண்டாஸ் ஏ330 விமானத்தில் இதற்கு மாறான நிலை: காற்றுத் தரவையும் நிலைமத் தரவையும் தரும் பெட்டிகளுள் ஒன்று பிழையான எண்களை அனுப்ப, கட்டுப்பாட்டுக் கணினி அதனை நம்பி விமானத்தைத் திடீரெனக் கீழ்நோக்கிச் செலுத்தியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

விருதுகளும் மறைவும்

1964 இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் டிரேப்பருக்கு வழங்கப்பட்டது. 1981 இல் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் இடம்பெற்றார். 1987 ஜூலை 25 அன்று மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தமது 85 ஆம் வயதில் காலமானார். அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகம் அவர் பெயரால் நிறுவிய பரிசு, 1989 இல் முதன்முறையாக, தொகுப்புச் சுற்றைக் கண்டுபிடித்த ஜாக் கில்பிக்கும் ராபர்ட் நாய்சிற்கும் அளிக்கப்பட்டது.