விபுலாநந்த அடிகளும் ஏழை மாணவரும்

கிழக்கிலங்கைக் கடற்கரையிலே, கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதைக் கடந்தாற் காரைதீவு. ஒருபுறம் சாய்ந்தமருது, மறுபுறம் நிந்தவூர் என முஸ்லிம் ஊர்கள் சூழ்ந்திருக்க, கண்ணகையம்மன் கோயிலை நடுவே கொண்டு விளங்குவது அவ்வூர். அன்று அது மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1961இல் அம்பாறை மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபோது அதனுட் சேர்ந்தது. அங்கே 1892ஆம் ஆண்டு சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாய்ப் பிறந்தார் மயில்வாகனனார். பின்னாளில் உலகம் அவரை விபுலாநந்த அடிகள் என்று அறிந்தது.

அடிகளின் யாழ்நூலைப் பற்றியும் அவர் வகித்த பேராசிரியர் பதவிகளைப் பற்றியும் அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஆண்டு மலர்கள்தோறும் அவையே மீண்டும் மீண்டும் வருகின்றன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கும் இடையே படிப்பில் உண்டாகும் தூரத்தைக் குறைக்க அவர் என்ன செய்தார் என்பதையே நாம் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அத்தூரம் எங்ஙனம் உண்டாயிற்று என்பதை முதலில் அறிதல் வேண்டும். அக்காலத்து இலங்கையில் இருவகைப் பாடசாலைகள் இருந்தன. சுயபாஷைப் பாடசாலையிற் கட்டணமில்லை. ஆனால் அங்கே படித்தவனுக்கு உத்தியோகக் கதவு திறவாது. ஆங்கிலப் பாடசாலை அக்கதவைத் திறந்தது. ஆனால் அதற்குக் கட்டணம் வேண்டும். ஆகவே பிள்ளை ஐந்து வயதில் எந்த வாசலால் நுழைந்தானோ, அதுவே பெரும்பாலும் அவன் வாழ்வை முடிவு செய்துவிடும். மூளைக்கும் இதற்கும் சம்பந்தமேயில்லை.

மயில்வாகனனார் தமிழை ஊரிலே கற்றார். ஆங்கிலத்தைக் கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், பின்பு மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். 1908இல், பதினாறு வயதிற் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். காரைதீவிலிருந்து மட்டக்களப்பு 25 மைலுக்கு மேல். தினமும் போய் வரும் தூரமன்று. தங்க இடமும் உண்ண உணவும் கட்டணமும் இருந்தாலன்றி அங்கே படித்தல் இயலாது. அவருக்கு அவை கிடைத்தன. அவரோடு அரிச்சுவடி படித்த காரைதீவுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்? நாமும் மிஷன் பாடசாலையிற் படித்தவர்களே; அப்பாடசாலைகள் இக்கரைக்குச் செய்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவற்றின் வாசல்வரை வர இயலாத பிள்ளைகளே தொகையில் அதிகம்.

அதன்பின் அவர் ஏறிய படிகளை விரைந்து சொல்லிவிடலாம். கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். லண்டன் பி.எஸ்ஸி. பட்டம் பெற்று, 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமையாசிரியரானார். அவர் நின்ற இடம், அன்று ஒரு தமிழ் ஆசிரியர் எட்டக்கூடிய உயரங்களுள் ஒன்று. அதனை உதறி 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார்.

துறவிக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்பார் உளர். அடிகளுக்கோ துறவுதான் பள்ளிக்கூடத்தைத் தந்தது. 1925இல் இலங்கை மீண்ட அவர், இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளைப் பொறுப்பேற்று நடத்தினார். திருகோணமலை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, பிறந்த ஊராகிய காரைதீவு என அவை பரந்து கிடந்தன. 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிற் சிவாநந்த வித்தியாலயம் திறக்கப்பட்டது. வாவிக்கு மேலே கல்லடிப் பாலம் திறக்கப்பட்டு ஐந்தாண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

சிவாநந்த வித்தியாலயத்தோடு நாம் சேர்த்து நினைக்க வேண்டியது, கல்லடியில் மிஷன் நடத்திய மாணவர் இல்லம். தாய் தந்தையற்ற பிள்ளைகளும் வறிய வீட்டுப் பிள்ளைகளும் அங்கே தங்கிப் படித்தனர். இதனைத் தருமம் என்று மட்டும் எண்ணுதல் குறுகிய பார்வை. வகுப்பறையில் இரு பிள்ளைகளும் ஒரே வாங்கிலிருந்து ஒரே பாடத்தையே கேட்கிறார்கள். மணி அடித்த பின்னரே தூரம் உண்டாகிறது. ஒருவன் வீட்டில் விளக்கும் புத்தகமும் கேட்டுச் சொல்ல ஒருவரும் உளர். மற்றவன் தம்பி தங்கையரைப் பார்க்கவோ, தகப்பனோடு கடலுக்கோ வயலுக்கோ போகவோ வேண்டும். எங்கள் நாளிலும் கரைவலைக் காலம் வந்தால் வகுப்பிற் சில இடங்கள் வெறுமையாகும்; அவ்விடத்துக்குரியவர் திரும்பி வரும்போது கணக்குப் பாடம் மூன்று பயிற்சி தாண்டியிருக்கும். மாணவர் இல்லம் அளித்தது சோறு மட்டுமன்று. மணி அடித்த பின்னுள்ள அந்த நேரத்தையும் அளித்தது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அடிகளைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அங்கே அப்பதவியை முதன்முதல் வகித்தவர் அவரே. பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள ஊர் திருவேட்களம். அவ்வூர்ச் சேரியிலே தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் வாழ்ந்தனர். மாலையில் அடிகள் அச்சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தார். தம் மாணவரையும் அப்பணியில் ஈடுபடுத்தினார். பகலிலே சங்க இலக்கியம் சொன்ன வாய் மாலையிலே அகரம் சொல்லிற்று. அக்காலத்து நிலையை எண்ணினாலன்றி இதன் அருமை விளங்காது. நம் நாட்டிலே, அதே காலத்தையொட்டி, யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் அமர்வதைப் பொறுக்காதார் கலகம் விளைத்தனர். பிள்ளையைப் பாடசாலைக்குள் விடுவதே கூடாது என்றோர் பலர். விடலாம், தரையில் இருக்கட்டும் என்றோர் சிலர். அடிகளோ பாடசாலையையே பிள்ளையின் வாசலுக்குக் கொண்டு போனார். யாழ்நூல் அவருடைய பெருஞ் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் திருவேட்களத்து மாலைப்பொழுதுகளை அதற்கு ஒரு படி குறைத்துச் சொல்ல எமக்கு மனமில்லை.

இன்னொரு தடையும் இருந்தது, அது மொழி. விஞ்ஞானம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும்வரை, தமிழ் மட்டும் அறிந்த பிள்ளைக்கு அது எட்டாக்கனி. 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்கு அடிகள் தலைமை தாங்கினார். இரசாயனத்தைத் தாமே கற்பித்தவராதலின் எச்சொல் மாணவர் நாவில் நிற்கும், எச்சொல் நில்லாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அம்முயற்சியின் பயனாக 1938இல் வெளியான கலைச்சொல் தொகுப்பில் ஏறத்தாழ 10,000 சொற்கள் இடம்பெற்றன. இன்று தமிழிலே பௌதிகமும் இரசாயனமும் படிக்கும் நம் தம்பி தங்கையர் அவ்வுழைப்பின் பயனை அறியாமலே துய்க்கின்றனர்.

பின்பு சில காலம் இமயமலைச் சாரலில் மாயாவதியிலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழை நடத்தினார். மீண்டும் இலங்கை வந்தார். 1942இல், யுத்த காலத்தில், கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். யாழ்ப்பாணத்திற் பிறந்த இவர் சிறு வயதில் அங்கே வைத்தீஸ்வர வித்தியாலயத்திற் படித்தவர்; இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம். உணவு உற்பத்தியைப் பெருக்க வந்த அவர், நெல் விளைந்த இக்கரையிற் கல்வி விளையாதிருந்ததைக் கண்டார். அடிகளோடு அவர் கொண்ட நட்பு இங்கேதான் வளர்ந்தது. அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அவர் அமைத்தார். 1945இல், வறிய மாணவர் மேற்படிப்புக்கு உதவ, இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். காவியுடுத்த ஒருவரும் முஸ்லிம் உத்தியோகத்தர் ஒருவரும் இக்கரையில் நண்பராய் இருந்தமையை, இடையே நேர்ந்த கசப்புகளை அறிந்த நம் மன்றத்துப் பெரியோர்க்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. இளைஞர்க்கே சொல்லுகின்றோம்.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார் அடிகள். கல்வி மந்திரி கன்னங்கரா கிராமங்களில் மத்திய பாடசாலைகளை நிறுவி, புலமைப்பரிசிலும் விடுதியும் அளித்ததும் அக்காலமே. 1945இல் இலவசக் கல்வி வந்தது. அடிகள் அதனைக் காணும்வரை வாழ்ந்தார். கட்டணம் என்னும் சுவர் விழுந்தது. விளக்கும் உணவும் நேரமும் இல்லாத வீடுகள் அப்படியே இருந்தன. பின்னே வந்தவர்கள் கட்டணத்தை நீக்கியதோடு வேலை முடிந்தது என்று எண்ணிவிட்டார்களோ என்ற ஐயம் எமக்குண்டு. இன்று பாடசாலையில் இலவசமாகக் கேட்ட பாடத்தை மாலையில் டியூட்டரியிலே காசு கொடுத்து மறுபடி கேட்கும் வழக்கம் வந்துவிட்டது. காசில்லாதவன் ஒரு முறைதான் கேட்கிறான்.

1947 ஜூன் மாதத்தில் யாழ்நூல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகள் கொழும்பிற் காலமானார். உடல் கல்லடிக்குக் கொண்டுவரப்பட்டுச் சிவாநந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் நன்கொடைப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது மிஷன் பாடசாலைகளும் கைமாறின. கல்லடி மாணவர் இல்லம் மட்டும் மிஷனிடமே நின்றது. வித்தியாலயத்தில் இன்று மணி அடித்ததும் அப்பிள்ளைகள் அடிகளின் சமாதிக்கு அயலிலுள்ள அவ்வில்லத்துக்கே படிக்கப் போகிறார்கள்.